மஞ்சள் அசைந்தால் எவ்வளவு மெதுவாக? பந்தயத் தடக் கொடிகளும் ஓட்டுநரின் தீர்ப்பும்

மோட்டார் பந்தயத் தடத்தில் ஓட்டுநரை எட்டக்கூடிய செய்திகளுள் மிகப் பழையதும் இன்றுவரை கைவிடப்படாததும் கொடியே ஆகும். தலைக்கவசமும் எஞ்சின் இரைச்சலும் காதை அடைத்துவிடுகின்றன. வானொலித் தொடர்பு பெரிய போட்டிகளின் வசதி. பயிற்சிக்காகத் தடத்துக்குத் தம் சொந்தக் காரைக் கொண்டுவரும் ஒருவருக்கு முன்னால் வளைவுக்கு அப்பால் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சொல்ல, தடத்தோரத்தில் நிற்கும் மார்ஷலின் கையிலுள்ள துணியைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 69 மீட்டரைக் கடந்துவிடுவதால், 150 மீட்டர் தொலைவில் கண்ணில் படும் கொடியைக் கண்டு, பொருள் உணர்ந்து, அதற்கேற்ப நடக்க அந்த ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு நொடிகளுக்குச் சற்றே கூடுதல். கொடிகளின் நிறங்களை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட முடியும். ஒவ்வொரு கொடியும் ஓட்டுநரின் சொந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதை அறிவதுதான் கடினம். கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையில் நேர்ந்த பெரிய விபத்துகள் சிலவும் பெரிய விதிமாற்றங்கள் பலவும் அந்த இடத்தைச் சுற்றியே நிகழ்ந்திருக்கின்றன.

கார் பந்தயங்களுக்கான கொடி விதிகளை எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு தன் விளையாட்டு விதித்தொகுப்பின் ‘எச்’ பின்னிணைப்பில் வகுத்துள்ளது. அதன்படி ஒரு கொடியின் குறைந்தபட்ச அளவு 60-க்கு 80 சென்டிமீட்டர். சிவப்புக் கொடியும், பந்தய முடிவைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட கொடியும் மட்டும் 80-க்கு 100 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு எஃப்.ஐ.எம். என்ற தனிக் கூட்டமைப்பும், அமெரிக்கப் போட்டிகளுக்கு அவற்றை நடத்தும் அமைப்புகளும் வேறு விதிகளை வைத்திருப்பதால், எல்லாத் தடங்களுக்கும் பொதுவான ஒரே கொடி மொழி என்று எதுவும் இல்லை. இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. எஃப்.ஐ.ஏ. விதியில் வெள்ளைக் கொடி, முன்னால் மெதுவாகச் செல்லும் வாகனம் இருப்பதை உணர்த்துகிறது. அமெரிக்க ஓவல் தடங்களில் அதே கொடி கடைசிச் சுற்று தொடங்கிவிட்டது என்று அறிவிக்கிறது. மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியில் அது, மழைக்கேற்ற மாற்று வண்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற அனுமதி. ஒரு நாட்டில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் துணி, இன்னொரு நாட்டில் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கொட்டி ஓட்டச் சொல்கிறது. ஆகவே, எந்தத் தடத்திலும் காலையில் நடக்கும் ஓட்டுநர் கூட்டத்தைத் தவறவிடுபவர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவராயினும் அரைகுறை அறிவோடுதான் தடத்தில் இறங்குகிறார்.

கொடிகளின் தொடக்க வரலாறு முழுவதும் தெளிவானதன்று. கட்டம்போட்ட கொடியின் தோற்றம் பற்றிக் குதிரைப் பந்தயத்தோடும் பிறவற்றோடும் இணைத்துப் பல கதைகள் வழங்கிவந்தன. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் எக்லாஃப் 2006-இல் வெளியிட்ட நூல், அதை 1906-ஆம் ஆண்டின் கிளிடன் நெடும்பயணப் போட்டியில் கார்களின் நேரத்தைச் சரிபார்த்த நிலையங்களோடு தொடர்புபடுத்துகிறது. அதே ஆண்டு நியூயார்க் அருகே லாங் தீவில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தின் முடிவில் அக்கொடி காட்டப்பட்டதற்குப் புகைப்படச் சான்று உண்டு.

ஒரு மார்ஷல் நிலையத்தை அருகிலிருந்து கவனித்தால், கொடி காட்டுவது எவ்வளவு நுணுக்கமான தொழில் என்பது விளங்கும். தடத்தின் நீளத்துக்கு எண்ணிட்ட நிலையங்கள், அடுத்தடுத்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக்கூடிய வகையில், 500 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் அமைக்கப்படுகின்றன. பொதுவாக ஒரு நிலையத்தில் கொடிக்கென இருவர், எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்பார்கள்: ஒருவர் எதிர்ப்பட்டு வரும் கார்களைப் பார்த்து நீலக் கொடிக்குப் பொறுப்பேற்க, மற்றவர் தம் நிலையத்தைக் கடந்து அடுத்த நிலையம் வரை செல்லும் தடத்தைக் கண்காணித்து மஞ்சள் கொடிக்குப் பொறுப்பேற்கிறார். மஞ்சளுக்குரியவர் தம்மை நோக்கி வரும் கார்களுக்கு முதுகைத் திருப்பியிருப்பதால், அவருடைய உயிர் கூட்டாளியின் கண்ணில் இருக்கிறது. தேவையில்லாத வேளையில் கொடியைக் கம்போடு சேர்த்துச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். காற்றில் விரிந்த ஒரு முனை கூடக் கட்டளையாகப் படக்கூடும். அசைக்கும்போது மணிக்கட்டைச் சுழற்றி, எட்டு என்ற எண்ணைக் கிடைமட்டமாக வரைவதுபோல் அசைக்கப் பழக்குகிறார்கள்; வெறுமனே இடமும் வலமும் ஆட்டினால் துணி கம்பில் சுற்றிக்கொண்டு, மிகவும் தேவையான நேரத்தில் ஒரு குச்சி மட்டுமே தெரியும்.

மஞ்சள் கொடியே இம்மொழியின் நடுநாயகம். எஃப்.ஐ.ஏ. விதியில் ஒற்றை மஞ்சள் அசைக்கப்பட்டால், தடத்தின் ஓரத்திலோ தடத்தின் ஒரு பகுதியிலோ ஆபத்து இருக்கிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, பாதையை மாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று பொருள். இரட்டை மஞ்சள் அசைக்கப்பட்டால், ஆபத்து தடத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அடைத்திருக்கிறது, அல்லது மார்ஷல்கள் தடத்திலோ அதன் அருகிலோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வேகத்தைக் கணிசமாகக் குறைத்து, தேவைப்பட்டால் நின்றுவிடவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். முந்தத் தடை, கொடி கண்ணில் படும் இடத்தில் தொடங்குவதில்லை. கொடி நிற்கும் நிலையத்துக்கு நேரே தொடங்கி, ஆபத்தைத் தாண்டிய அடுத்த நிலையத்தில் பச்சைக் கொடி காட்டப்படும் வரை நீடிக்கிறது. தடப் பயிற்சிக்கு வரும் புதியவர்கள் செய்யும் மிகப் பரவலான பிழை இங்கேதான் நிகழ்கிறது: கவிழ்ந்த காரைக் கடந்ததுமே ஆபத்து முடிந்ததாக எண்ணி வேகமெடுத்துவிடுகிறார்கள். பச்சைக்கு முன்னால் இன்னொரு கார் புல்வெளியில் நிற்கலாம், எண்ணெய் கொட்டியிருக்கலாம், ஒரு மார்ஷல் ஓடிக்கொண்டிருக்கலாம். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. மஞ்சளைக் கண்டதும் பதறி முழு பிரேக்கை மிதிப்பவர், அதே கொடியை இன்னும் காணாத பின்னவரைத் தம்மீது வரவழைத்துக்கொள்கிறார். முதலில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்திப் பின்னவருக்கும் மார்ஷலுக்கும் தெரியப்படுத்திக்கொண்டே வேகத்தைத் தணிப்பது நல்ல பழக்கம்.

ஆனால் விதியின் ‘வேகத்தைக் குறை’ என்ற சொற்களில் எவ்வளவு என்பது இல்லை. மஞ்சள் கொடியின் பலமும் பலவீனமும் அந்த இடைவெளியில் இருக்கின்றன. 1973 ஜூலையில் நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட் தடத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியபோது, பந்தயம் நிறுத்தப்படவில்லை. மஞ்சள் கொடிகளே அசைந்தன. மற்றோர் ஓட்டுநரான டேவிட் பர்லி தம் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, கவிழ்ந்த காரைத் தனியாளாக நிமிர்த்த முயன்றார். தீத்தடுப்பு உடை இல்லாத மார்ஷல்கள் நெருப்பை நெருங்க முடியாமல் நின்றார்கள். கடந்து சென்ற ஓட்டுநர்களில் பலர், எரியும் காரிலிருந்து தப்பி வெளியே வந்தவர்தான் பர்லி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். வில்லியம்சன் உயிரிழந்தார். அங்கே ஆபத்து இருக்கிறது என்பதைக் கொடி சரியாகவே சொன்னது. காருக்குள் ஓர் உயிர் சிக்கியிருக்கிறது என்று சொல்லும் திறன் அதற்கு இல்லை.

2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுஸுகாவில் மழையில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. ஏட்ரியன் சூட்டிலின் கார் தடுப்பில் மோதியதும் இரட்டை மஞ்சள் அசைக்கப்பட்டது. அதை அப்புறப்படுத்த மீட்பு எந்திரம் ஒன்று தடத்தின் விளிம்புக்கு அப்பால் வந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அடுத்த சுற்றில் அதே இடத்தில் கட்டுப்பாட்டை இழந்த ஜூல்ஸ் பியாங்கியின் கார் அந்த எந்திரத்தில் பாய்ந்தது. தலையில் பட்ட காயத்தால் அவர் 2015 ஜூலையில் இறந்தார். எஃப்.ஐ.ஏ. நியமித்த விசாரணைக் குழு, கட்டுப்பாட்டை இழக்காமலிருக்கும் அளவுக்கு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று முடிவு கூறியது. அந்த முடிவு விதியின் சொற்படி சரியாக இருக்கலாம். எனினும், மற்றவர்களும் தத்தம் கணக்குப்படிதான் குறைத்திருந்தார்கள் என்பதையும், போட்டியில் இருப்பவர் எவரும் பக்கத்தவரைவிட அதிகமாகக் குறைத்து நேரத்தை இழக்க விரும்புவதில்லை என்பதையும் விதி கணக்கில் கொண்டிருக்கவில்லை. தன் நலனுக்கு எதிராக ஒருவர் தானே தீர்ப்பளித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் சைகை, போட்டி கடுமையாகும்போது வலுவிழக்கத்தான் செய்யும். 2019-இல் மெக்சிகோவில் தகுதிச் சுற்றின் கடைசி வளைவில் வால்ட்டெரி போட்டாஸின் கார் மோதிக் கிடந்தபோதும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வேகத்தைக் குறைக்காமல் கடந்தார். செய்தியாளர் கூட்டத்தில் அதைத் தாமே ஒப்புக்கொண்டபின் முதலிடத்தை இழந்து, தொடக்க வரிசையில் மூன்று இடம் பின்தள்ளப்பட்டார்.

அளவை ஓட்டுநரிடமிருந்து எடுத்து எண்ணிடம் ஒப்படைப்பதே பின்னர் வந்த மாற்றங்களின் பொதுப்போக்கு. ஃபார்முலா ஒன்னில் 2015 முதல் ‘வெர்ச்சுவல் சேஃப்டி கார்’ ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தடத்தின் ஒவ்வொரு சிறு பகுதியையும் நிர்ணயித்த நேரத்தைவிட விரைவாகக் கடக்கக் கூடாது என்பது அதன் சாரம். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆபத்துள்ள பகுதியில் மட்டும் வேக வரம்பு விதிக்கும் முறை 2014-இல் வந்தது. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தை நடத்தும் கிரெவென்டிக் நிறுவனம் ‘கோட் 60’ என்பதைப் பயன்படுத்துகிறது: ஊதா நிறக் கொடியின் நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் 60 என்ற எண். கொடி காட்டப்பட்டவுடன் தடமெங்கும் 60 கிலோமீட்டருக்கு மேல் எவரும் செல்லக் கூடாது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி அப்பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது தமிழ் ரசிகர்கள் விடியவிடியப் பார்த்த ஒளிபரப்பில், முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார்கள் திடீரென ஊர்வலம் போல நகர்ந்ததற்குக் காரணம் இந்த ஊதாக் கொடிதான். எவ்வளவு என்ற கேள்வியை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கொடியும் தீர்த்து வைத்ததில்லை.

சிவப்புக் கொடியில் அத்தகைய ஐயத்துக்கு இடம் குறைவு. பந்தயக் கட்டுப்பாட்டு அறையின் ஆணைப்படி எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் அது அசைக்கப்படுகிறது, முந்துவது தடை, ஃபார்முலா ஒன்னில் மெதுவாக, அணிகள் கார்களைக் கவனிக்கும் பிட் பாதைக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்கத் தடப் பயிற்சிகளிலோ சிவப்பைக் கண்டவர் பாதுகாப்பாக ஓரங்கட்டி அங்கேயே நின்றுவிட வேண்டும்; எல்லோரும் பிட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதற்கு எல்லா நிலையங்களிலும் கறுப்புக் கொடி காட்டுவார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு நெடுங்கோடுகள் உள்ள கொடி, பிடிப்பு குறைந்த தளத்தை உணர்த்துகிறது. எண்ணெயோ நீரோ கொட்டியிருந்தால், தளம் முன்னதாகச் சீராகிவிட்டாலொழிய, நான்கு சுற்றுகளாவது காட்டப்படும். ஓட்டுநர் பலர் இதை மஞ்சளைவிட இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் சொல்லும் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது. இக்கொடி சொல்லும் ஆபத்தோ டயர் அதன்மேல் ஏறும்வரை தெரிவதில்லை.

நீலக் கொடி மரியாதையின் கொடி என்று சொல்லத்தக்கது. பயிற்சியில் அது, விரைவான கார் ஒன்று பின்னால் நெருங்கிவிட்டது என்ற தகவல்; பந்தயத்தில், ஒரு சுற்று முன்னிலையில் உள்ள கார் முந்த வருவதால் முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும் என்ற கட்டளை. வழிவிடாதவருக்கு ஃபார்முலா ஒன்னில் தண்டனை உண்டு. அமெரிக்கப் பந்தயங்களில் மஞ்சள் குறுக்குப் பட்டையோடு வரும் நீலம் பெரும்பாலும் அறிவுரை அளவில் நிற்கிறது. தடப் பயிற்சிகளில், முன்னவர் கையை நீட்டி எந்தப் பக்கம் முந்தலாம் என்று சுட்டிய பின்னரே பின்னவர் முந்த வேண்டும் என்ற வழக்கமே பரவலாக உள்ளது. நீலம் கண்டவர் செய்யக்கூடாத ஒன்று, திடீரெனப் பாதையை விட்டு விலகுவது. பின்னால் வருபவர் ஏற்கெனவே தம் கணக்கைப் போட்டிருப்பார்.

கறுப்பின் குடும்பம் தனிப்பட்ட ஒருவரை நோக்கியது. ஆகவே கொடியோடு அவருடைய கார் எண்ணும் பலகையில் காட்டப்படும். வெறும் கறுப்பு, அடுத்த முறை பிட் நுழைவாயிலை அடைந்ததும் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்பதாகும். முடிவெடுப்பவர்கள் நடுவர்களாகிய ஸ்டீவர்டுகள். 1989-இல் போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில் நைஜல் மான்செல் பிட் பாதையில் காரைப் பின்னோக்கிச் செலுத்தியதற்காக இக்கொடி அவருக்குத் தொடர்ந்து மூன்று சுற்றுகள் காட்டப்பட்டது. வெயில் எதிரே அடித்ததால் கொடி தெரியவில்லை என்றார் அவர். அதற்குள் ஐர்ட்டன் சென்னாவோடு மோதி இருவரும் வெளியேறியிருந்தனர். 50,000 டாலர் அபராதமும் ஒரு பந்தயத் தடையும் விதிக்கப்பட்டன. 1994-இல் சில்வர்ஸ்டோனில், பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றில் டேமன் ஹில்லை முந்திய மைக்கேல் ஷுமாக்கர், தண்டனையை உரிய நேரத்தில் நிறைவேற்றாததால் காட்டப்பட்ட கறுப்புக் கொடியைப் பொருட்படுத்தாமல் ஓடினார். இரண்டாவதாக முடித்தும் தகுதி நீக்கமும் இரண்டு பந்தயத் தடையும் அவருக்குக் கிடைத்தன. அணியின் நிர்வாகிகள் அதிகாரிகளோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஓட்டுநர் கொடியைக் கடந்துகொண்டிருந்தார் என்பதுதான் அந்நிகழ்வின் விசித்திரம்.

கறுப்பின் நடுவில் செம்மஞ்சள் வட்டம் இருந்தால், ஓட்டுநரே அறியாத எந்திரக் கோளாறு மற்றவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பது பொருள். 2022-இல் கெவின் மேக்னுசனுக்கு முன்சிறகின் ஓரம் உடைந்ததற்காக இது மூன்று முறை காட்டப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்டினில் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் பக்கக் கண்ணாடி ஆடிக்கொண்டேயிருந்து கழன்று விழுந்தும் காட்டப்படவில்லை. மேக்னுசனின் ஹாஸ் அணி முறையிட்டதன் பிறகே இக்கொடியை எப்போது எடுப்பது என்ற அளவுகோல் மறுபரிசீலனை செய்யப்பட்டது. கறுப்பும் வெள்ளையும் குறுக்காகப் பிரிந்த கொடி ஒழுங்கற்ற ஓட்டத்துக்கான ஒரே ஓர் எச்சரிக்கை. ஃபார்முலா ஒன்னில் பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த இது 2019-இல் மீண்டும் உயிர்பெற்று, மோன்சாவில் சார்ல் லெக்லேருக்குக் காட்டப்பட்டபோது பெருவிவாதத்தைக் கிளப்பியது.

பந்தயத்தை முடிக்கும் கட்டக் கொடியில் ஓட்டுநர் தவறு செய்ய வாய்ப்பு குறைவு; கொடி அசைப்பவர்தான் தவறுகிறார். 2014-இல் ஷாங்காயில் அது ஒரு சுற்று முன்னதாக அசைக்கப்பட்டதால் 56 சுற்றுப் பந்தயத்தின் முடிவு 54-ஆவது சுற்றின் நிலைப்படி அறிவிக்கப்பட்டது; கடைசிச் சுற்றில் கமுயி கோபயாஷி பெற்ற இடம் அவர் கையைவிட்டுப் போயிற்று. 2018-இல் கனடாவில் விருந்தினராக வந்த ஒரு மாடல் அழகி, தவறான தகவலால் முன்னதாகவே கொடியசைத்தார். அதன் பின், துணியை நம்பாமல் ஒளிப்பலகையே அதிகாரபூர்வமான முடிவு என்று 2019-இல் மாற்றினார்கள். அதே ஆண்டு சுஸுகாவில் ஒளிப்பலகையும் ஒரு சுற்று முன்னதாக எரிந்தது. கடைசிச் சுற்றில் மோதி நின்ற செர்ஜியோ பெரஸ் அந்தப் பிழையின் புண்ணியத்தில் புள்ளிகளை இழக்காமல் தப்பினார். மறு ஆண்டே துணி திரும்பி வந்துவிட்டது.

ஒளிப்பலகைகளும், ஸ்டியரிங்கிலேயே எரியும் விளக்குகளும் இன்று பெரிய தடங்களில் கொடியோடு சேர்ந்து இயங்குகின்றன. இரவுப் பந்தயத்தில் அவையின்றி முடியாது. ஆனால் இரண்டும் முரண்படும்போது எது செல்லும் என்ற கேள்வி 2021 நவம்பரில் கத்தாரில் எழுந்தது. தகுதிச் சுற்றின் முடிவில் பியேர் காஸ்லியின் கார் நேர்த்தடத்தில் நின்றிருக்க, வெர்ஸ்டாப்பன் அசைந்த இரட்டை மஞ்சளைக் கடந்து முழு வேகத்தில் சென்றார். ஒளிப்பலகையில் எச்சரிக்கை இல்லை என்று அவருடைய ரெட் புல் அணி வாதிட்டும், மார்ஷலின் கையில் இருந்த கொடியே போதுமென்று ஐந்து இடத் தண்டனை வழங்கப்பட்டது. தன்னிச்சையாக நடந்த மார்ஷல் என்று குறைகூறிய அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் எச்சரிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டார். இத்தீர்ப்பு நியாயமானதே. ஆபத்தை நேரில் பார்ப்பவர் அறையில் திரையைப் பார்ப்பவரைவிட ஓரிரு நொடிகள் முந்தியிருக்கிறார். அந்த ஓரிரு நொடிகளே கொடி இன்னும் வாழ்வதற்குக் காரணம்.

தென்னிந்தியாவில் இந்தப் பந்தயப் பண்பாட்டைச் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் தொடங்கி வளர்த்தது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். 1990-இல் திறந்த அதன் இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோவையின் காரி மோட்டார் ஸ்பீட்வேயும் புதியவர்கள் கொடிகளை முதன்முதலில் உயிரோடு காணும் இடங்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேரத் தெருப் பந்தயத்தில், இருபுறமும் சுவரெழுப்பிய தெருவில் நிலையங்களை வைப்பது எவ்வளவு நெருக்கடியான வேலை என்பதை உள்ளூர் மார்ஷல்கள் அறிந்தனர். தடத்தில் ஒதுங்க இடமில்லாதபோது மஞ்சளின் பொருள் இன்னும் கடுமையாகிறது.

இலங்கையின் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21 அன்று நடந்த ஃபாக்ஸ்ஹில் பந்தயம், எவ்வளவு குறைப்பது என்ற கேள்வியின் மற்றொரு முகத்தைக் காட்டியது. ஒரு கார் கவிழ்ந்ததும், ஓட்டுநர்களை மெதுவாகச் செல்லுமாறு அலுவலர்கள் எச்சரித்துக்கொண்டிருந்ததாகச் செய்திகள் கூறின. அவ்வேளையில் தடத்தை விட்டு விலகிய மற்றொரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்ததில், ஒரு சிறுமியும் பந்தய அலுவலர்களும் உட்பட ஏழு பேர் இறந்தனர். கவிழ்ந்த காரைக் கண்டதும் மார்ஷல் மஞ்சளை எடுப்பது போலவே, அதைப் பார்க்கும் ஆர்வத்தில் கூட்டமும் அந்த இடத்தை நோக்கி நகர்வது இயல்பு. கொடியோ ஓட்டுநரிடம் மட்டுமே பேசுகிறது. தடத்தோரம் நிற்பவர்களுக்கு அதன் மொழியும் தெரியாது, அதற்குக் கட்டுப்பட வேண்டிய கடமையும் இல்லை. வேலியும் தடுப்புச் சுவரும் இல்லாத இடத்தில், ஒருவர் போதிய அளவு குறைக்கத் தவறினால் ஏற்படும் விளைவைத் தாங்குபவர்கள் அவர்கள்தான்.